அம்மாவின் கைக்கு ஷாக் வேவ்: ஒரு வருஷத்துக்கு மேலான அனுபவம்

பக்கவாதம் வந்த பிறகு அம்மாவின் வலது கை முழங்கையில் மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிவிட்டன. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை கொடுத்தால் நாள் முழுக்கத் தூக்கம். அப்போதுதான் பிசியோ ஷாக் வேவ் பற்றிச் சொன்னார்.

கேட்டதும் கரண்ட் வைப்பார்கள் என்று பயந்தோம். கரண்டெல்லாம் இல்லை, தோல் வழியாகத் தசைக்குள் போகும் அழுத்த அலை. 1980-இல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்கப் பயன்படுத்திய முறையின் வழியில் வந்ததுதான். “அப்போ எலும்பையும் உடைச்சிடாதா?” என்றார் சித்தி. உடைக்காது, இங்கே வைக்கும் அளவு மிகக் குறைவு.

ஜெல் தடவி, துப்பாக்கி போன்ற கருவியை முன்கையில் அழுத்தி நகர்த்துவார்கள். டக் டக்கென்று ஒரே சத்தம். 1.5 பார் அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். முன்கையில் அம்மா தாங்கிக்கொண்டார், உள்ளங்கையில் வைத்தபோது முகத்தைச் சுளித்தார். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுவதால் சில சமயம் சிவப்புப் புள்ளிகள் வரும், தானே மறைந்துவிடும். இந்த மாத்திரைகள் எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போகவே கூடாது.

பலன் அன்று மாலையே தெரிந்தது. முன்பெல்லாம் நகம் வெட்ட இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் விரலைப் பிரித்துப் பிடிக்க, ஒருவர் வெட்ட. நகம் குத்திய தழும்பும், வியர்வை தேங்கிய புளித்த வாடையும் உள்ளங்கையில் நிரந்தரமாக இருந்தன. இப்போது மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கி, சுண்டுவிரல் பக்கமிருந்து என் விரலை நுழைத்தால் கை திறக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவ முடிகிறது. நைட்டியிலேயே இருந்தவர் மறுபடி ஜாக்கெட் போடுகிறார். தசை இறுக்கத்தை மதிப்பிடும் ஆஷ்வொர்த் அளவில் 3-இல் இருந்து 2-க்கு இறங்கியதாக பிசியோ குறித்தார்.

ஆனால் டம்ளரைப் பிடிக்க அம்மாவால் இன்னும் முடியாது. “பழையபடி எழுதுவாங்க” என்று சொல்லி பேக்கேஜ் விற்கப் பார்த்தது ஒரு கிளினிக். எங்கள் அனுபவத்தில் இறுக்கம்தான் தளர்ந்தது, செயல் திரும்பவில்லை.

தளர்வும் நிரந்தரமில்லை. 2005-இல் இத்தாலியில் மங்கனோட்டி, அமேலியோ என்ற ஆய்வாளர்கள் பக்கவாதம் வந்த 20 பேருக்கு ஷாக் வேவை ஒரே முறை கொடுத்துப் பார்த்ததில், 12 வாரத்துக்குப் பிறகும் பலன் நீடித்தது 10 பேருக்குத்தான். அம்மாவுக்கு ஒரு மாதம் போல நிற்கிறது. அந்த நாட்களில் தினமும் நீட்டிப் பயிற்சி கொடுத்து, இரவில் கையை நீட்டியபடி வைக்கும் ஸ்பிளிண்ட் பட்டையைக் கட்டினால்தான் கொடுத்த காசுக்குப் பயன். ஊருக்குப் போய்ப் பயிற்சியை விட்டபோது சீக்கிரமே இறுகிவிட்டது. சிறுநீர்த் தொற்று வந்தபோதும் திடீரென்று இறுகியது, தொற்று சரியானதும் தளர்ந்தது. கை காரணமில்லாமல் இறுகினால் முதலில் காய்ச்சல், தொற்று, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தசையைத் தளர்த்தப் போடும் போடாக்ஸ் ஊசி மூன்று மாதம் வரை தாங்கும் என்றார்கள். ஆனால் செலவு அதிகம், அம்மாவுக்கு ஊசி என்றாலே ஆகாது. அதனால் ஷாக் வேவையே தொடர்கிறோம். மூட்டே உறைந்து நிலைத்துவிட்ட கைக்கு இதனால் பெரிய பலன் இருக்காது. உங்கள் வீட்டில் இருப்பது தசை இறுக்கமா, மூட்டு இறுக்கமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பரிசோதித்துச் சொல்லச் சொல்லுங்கள்.