கிளிநொச்சி தீர்க்கதரிசன வகுப்பு: போகலாம், ஆனா ஒரு குறை இருக்கு

தீர்க்கதரிசன வகுப்பு எண்டு நோட்டீஸைக் கண்டவுடன, திரும்பவும் வெளிப்படுத்தல் புத்தகத்தில வாற 666, மிருகத்தின்ர முத்திரை, தடுப்பூசி எண்டு பயங்காட்டப் போறாங்கள் எண்டுதான் நினைச்சன். வன்னியில அந்த வகைக் கூட்டத்துக்குக் குறைச்சலே இல்ல. ஆனா இது வேற. ஏ9 றோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்க ஒரு சேர்ச் ஹோல், சனிக்கிழமை பின்னேரங்களில நடக்குது. காசில்ல, போட்டோக்கொப்பித் தாளுக்கு மட்டும் 200 ரூபா.

அமெரிக்காவில கறுப்பினச் சபையள் ஆமோஸ், ஏசாயா, மீகா எண்ட வேதாகமத் தீர்க்கதரிசியளை எல்லாம் எப்பிடி வாசிச்சவை எண்டதுதான் விசயம். 1807இல லண்டனில மேற்கிந்தியத் தீவுகளின்ர அடிமையளுக்கெண்டே ஒரு வேதாகமம் அச்சடிச்சிருக்கிறாங்கள், அதில மோசேயோட அடிமைச்சனம் எகிப்தை விட்டு வெளிக்கிடுற கதையைத் தூக்கிப்போட்டு, அடிமையா இருந்தும் எசமானுக்கு உண்மையா உழைச்ச யோசேப்பின்ர கதையை விட்டு வச்சிருக்கிறாங்கள். கெட்டிக்காரர்தான். ஆனா அமெரிக்காவில அடிமைச்சனம் மோசேயைப் பாட்டாவே பாடி வச்சிருந்தது, ஆக்களைத் தப்பவைச்ச ஹரியட் டப்மனையும் மோசே எண்டுதான் கூப்பிட்டவை.

பேந்து 1955 மொண்ட்கொமறி பஸ் பகிஷ்கரிப்பு, பஸ்ஸில கறுப்பினச் சனத்தைப் பிரிச்சு இருத்தினதுக்கு எதிரா, 381 நாள். அது துவங்கின அண்டு இரவு சேர்ச்சில மார்ட்டின் லூதர் கிங் எடுத்தது ஆமோஸ் 5:24, நியாயம் தண்ணீரைப்போல புரண்டு வரட்டும் எண்ட வசனம், 1963இல வாஷிங்டனிலயும் அதேதான். பாஸ்டர் அந்த ஒரு வசனத்தோட விடாம அதிகாரம் முழுக்க வாசிக்க வச்சார். மேல பார்த்தா ஏழையிட்ட தானியம் பறிக்கிறது, லஞ்சம் வாங்கி வழக்கைப் புரட்டுறது, அதுக்குப் பிறகு உங்கட பாட்டுச் சத்தத்தை நிப்பாட்டுங்கோ எண்டு கடவுளே சொல்லுறார். (ஆளுயர ஸ்பீக்கர் வச்சிருக்கிற எங்கட சபையள் இந்த இடத்தை எப்பிடித் தாண்டிப் போகுதுகளோ.)

நாபோத்தின்ர தோட்டத்தை ஆகாப் ராஜா பறிச்ச கதை வரேக்க, முன்னுக்கு இருந்த, ஆமி காணி பிடிச்ச கேப்பாப்புலவுப் பக்கத்து அம்மா ஒராள் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, "ஐயா, நாபோத்திட்ட காணி உறுதி இருந்ததோ?" எண்டு கேட்டா. "பரம்பரைக் காணியெண்டுதான் எழுதிக் கிடக்கு அம்மா" எண்டார் பாஸ்டர். "அப்ப எங்கட மாதிரித்தான்." அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் பாடம் நடக்கேல்ல, எல்லாரும் காணிக்கதைதான். எனக்கு அதுதான் பாடமாத் தெரிஞ்சது.

இனிக் குறை. ஆமோஸ் முதல் ரெண்டு அதிகாரத்திலயும் தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் எண்டு ஊரானின்ர குற்றத்தை எல்லாம் வரிசையா வாசிக்கிறான், கேக்கிறவன் கைதட்டிக்கொண்டு இருந்திருப்பான், கடைசியில யூதாவுக்கு வந்து அப்பிடியே இஸ்ரவேலின்ர கழுத்தில பிடிக்கிறான், ஏழையை ஒரு சோடி செருப்புக்கு வித்தனீங்கள் எண்டு. வகுப்பு மோவாப்போட நிண்டுட்டுது. கலவரங்களுக்குத் தப்பி மலையகத்தில இருந்து வந்து இங்க குடியேறின சனத்தை எங்கட ஆக்களே எப்பிடி நடத்தினவை, கூலி எவ்வளவு குடுத்தவை, சபையளுக்க சாதி பார்க்கிறதில்லையோ எண்டு பின்னுக்கிருந்த பெடியன் கேக்க, "அது பெரிய விசயம், பிறகு கதைப்பம்" எண்டு பாஸ்டர் தாளைப் பிரட்டிட்டார். அமெரிக்கா எண்டா வாய் திறக்குது, முறிகண்டிக்கு இங்கால, எங்கட பக்கம் வந்தா மூடுது. படிப்பிக்கிற திறத்துக்கு அஞ்சுக்கு நாலு குடுக்கலாம், இந்த இடத்துக்கு ரெண்டுக்கு மேல குடுக்க மனமில்ல.

ஃபேன் சரியா வேலை செய்யேல்ல, பிளேன்டி நல்லம், பைபிள் நீங்கள்தான் கொண்டு போகோணும். அடுத்தது மீகாவாம், ரெண்டாம் அதிகாரத்தில வயல் பறிக்கிறவையைப் பற்றி வருது. பெடியன்ர கேள்வியை அண்டைக்கு நான் கேக்கப்போறன்.