டேங்க் யூனிட்: சுரண்டுவதா, லோக்கலா, ஒரிஜினலா?

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றுகிற டீசல் பிக்கப் என்னுடையது. போன வருஷம் டீசல் முள் அரை டேங்கில் நின்றது நின்றதுதான். அதை நம்பி ஓட்டி, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது வண்டி ஓய்ந்தது. பெட்ரோல் வண்டியென்றால் கேனில் வாங்கி ஊற்றிக் கிளம்பிவிடலாம். டீசலில் லைனுக்குள் காற்று புகுந்துவிடும். ஹேண்ட் பம்பை அடித்து ஏர் எடுத்து, பிறகுதான் ஸ்டார்ட் ஆகும். தக்காளியோடு ஓரத்தில் கிடந்தேன்.

டேஷ்போர்டு மீட்டரையே மாற்றச் சொன்னார் எலக்ட்ரீஷியன். அதற்குள் அவசரப்பட வேண்டாம் என்று டேங்க்கிலிருந்து வரும் கனெக்டரைக் கழற்றினேன். சாவியைப் போட்டதும் முள் காலிக்குப் போனது. சிக்னல் வயரை எர்த்தில் (வண்டியின் பாடி இரும்பில்) தொட்டதும் ஃபுல்லுக்கு ஏறியது. (சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும்.) ஆக மீட்டரும் வயரிங்கும் நல்லாத்தான் இருக்கின்றன, கோளாறு டேங்க் யூனிட்டில் (டேங்க்குக்குள் டீசல் அளவைப் பார்த்து மீட்டருக்குச் சொல்கிற பாகம்), அல்லது அதன் எர்த்தில். தனியாக ஒரு எர்த் வயர் கொடுத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. பலருக்கு அந்த ஒரு வயரிலேயே வேலை முடிந்துவிடும், அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் சந்தேகம் டேங்க் பக்கம் வேண்டாம், டேஷ்போர்டு பக்கம் போகட்டும்.

எதையும் மாற்றாமல், டேங்க் நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஓட்டுகிறவர்கள் உண்டு. சொந்தமாக ஓட்டினால் சரி. வண்டியை டிரைவரிடம் கொடுத்தால் அந்தக் கணக்கு நிற்காது.

மீதி மூன்று வழிகள்: பழைய யூனிட்டைச் சுரண்டுவது, லோக்கல் போடுவது, ஒரிஜினல் போடுவது. எதை எடுத்தாலும் டேங்க்கை இறக்கியாக வேண்டும். என் வண்டியில் யூனிட் டேங்க்கின் தலையில் இருக்கிறது, அதற்கு மேல் பாடி. 60 லிட்டர் டீசல் என்றால் ஏறக்குறைய 50 கிலோ, அதனால் டேங்க் வற்றுகிற நாளாகப் பார்த்து இறக்கினோம். எனக்கு முடிவைச் சொன்னதே இந்த இறக்கி ஏற்றுகிற கூலிதான். லோக்கல் யூனிட்டைப்போல மூன்று மடங்கு ஒரிஜினல். ஆனால் ஒரு தடவை இறக்கி ஏற்றும் கூலி அந்த விலை வித்தியாசத்துக்குச் சமமாக வந்துவிட்டது. பில்லில் பாகத்தின் விலையை மட்டும் பார்த்தது என் தப்பு.

முதல் தடவை பழையதையே சுரண்டினோம். ஃப்ளோட் (டீசலில் மிதக்கிற மிதவை) கையை மெதுவாக அசைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் ஓம்ஸ் (மின்தடை அளவு) சீராக மாற வேண்டும்; எனக்கு நடுவில் அறுந்து அறுந்து வந்தது. ஃப்ளோட் கையோடு நகரும் தகடு உரசுகிற தடத்தைத் துடைத்து, அந்தத் தகட்டைச் சற்று வளைத்து, தேயாத இடத்தில் படவைத்தோம். நாலு மாதம் ஓடியது. தடம் தேய்ந்துவிட்டதென்றால் துடைத்து என்ன ஆகப்போகிறது? அழுக்கு மட்டும்தான் என்றால் இது போதும்.

அடுத்து லோக்கல். டேங்க் நிரப்பினால் முக்கால்தான் காட்டியது. யூனிட்டின் ஓம்ஸ் கணக்கு வண்டிக்கு வண்டி வேறு: ஒன்றில் காலி 240, ஃபுல் 33, இன்னொன்றில் காலி 10, ஃபுல் 180. துளையில் பொருந்திவிட்டதாலேயே முள்ளும் பொருந்திவிடாது. கையின் வளைவு கொஞ்சம் மாறினாலும் ஃப்ளோட் மேலே போய்ச் சேராது. கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டும் மெல்லிசு, ஃபுல் டேங்க்கில் கசிந்தது. எல்லா லோக்கலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். நான் போட்டது ஒன்றே ஒன்று.

மூன்றாவதாக ஒரிஜினல். இந்தத் தடவை டேங்க் தரையில் இருக்கும்போதே, யூனிட்டை வெளியில் வைத்து கனெக்டரை மாட்டி, எர்த் கொடுத்து, ஃப்ளோட்டைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். காலி, அரை, ஃபுல் மூன்றும் டேஷ்போர்டில் சரியாக வந்த பிறகே உள்ளே இறக்கினோம். இதை லோக்கலுக்கும் செய்திருந்தால் ஒரு கூலி மிஞ்சியிருக்கும். புது கேஸ்கெட்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், பழையதைத் திருப்பிப் போட வேண்டாம். அந்த எர்த் வயரையும் அப்படியே விட்டுவைத்தோம். ஒரு மழைக்காலம் போய்விட்டது, முள் ஒழுங்காக இறங்குகிறது. மலை வளைவில் கொஞ்சம் ஆடும். அது டீசல் அலைவதால், கோளாறு இல்லை.

பம்ப்பும் யூனிட்டும் ஒன்றாக டேங்க்குக்குள் இருக்கிற பெட்ரோல் வண்டிகளில் கை வைத்த அனுபவம் எனக்கில்லை. அங்கே முழு மாட்யூலாக மாற்றச் சொன்னால், யூனிட் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். புது மாடல் என்றால் நான் செய்தது போல வயரை நேராக எர்த்தில் தொடாதீர்கள். அவற்றில் மீட்டர் கம்ப்யூட்டரோடு பேசுகிறது, ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.