மாரிக்கு வாங்கிய இருவாய் மண் அடுப்பு

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் வைத்திருப்போர் இல்லை. ஆனால் ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தை பிறக்கும்வரை உடம்பைச் சூடாக வைத்திருப்பதற்கு ஆகும் செலவு இங்கும் உண்டு. இந்த மண்ணில் குளிரா என்று கேட்போருக்கு, 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த கூதலில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் பட்டிகளிலேயே விறைத்து இறந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். கடந்த கார்த்திகையில் என் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. 31 நாளும் நொச்சியும் ஆடாதோடையும் அவித்த நீரில் அவளைக் குளிக்க வார்க்க வேண்டும். என் அம்மாவுக்கோ எண்பது வயது கடந்துவிட்டது, பச்சைத் தண்ணீரில் கைகூட வைக்கமாட்டார். அந்த மாரிக்காக நான் வாங்கிய இருவாய் மண் அடுப்பை, அதாவது எல்லோரும் சிங்களப் பெயராலேயே 'அனகி' என்று சொல்லும் அடுப்பை, ஒரு பருவம் முழுவதும் எரித்துப் பார்த்த பின்பு இதை எழுதுகிறேன்.

முதலில் மற்ற வழிகளைக் கணக்கிட்டேன். 10 லீற்றர் கிணற்று நீரை மின்சாரத்தில் கொதிக்கவைக்கச் சுமார் ஓர் அலகு ஆகிறது. காலையும் மாலையும் என்றால் மாதத்துக்கு 60 அலகு. எங்கள் வீட்டு மின்பட்டியல் வழமையாக 60 அலகுக்குள் நிற்பது. அதைத் தாண்டினால் தாண்டிய அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே வேறு விகிதம் விழுகிறது. எரிவாயுவின் கதையும் தெரிந்ததே. 2021 ஒக்டோபருக்கு முன்பு 1,500 ரூபாய்க்குள் கிடைத்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயைத் தொட்டது. பின்னர் இறங்கினாலும் பழைய விலைக்கு அது திரும்பவேயில்லை. விறகுதான் எங்களுக்கு எட்டிய எரிபொருள் என்பதில் ஐயமில்லை. அதை எந்த அடுப்பில் எரிப்பது என்பதே கேள்வியாக இருந்தது.

மூன்று கல் அடுப்பில் வாடைக்காற்று எல்லாப் பக்கமும் புகுந்து சுவாலையைச் சாய்க்கும். பானையின் அடியைவிடக் குசினிச் சுவரே அதிகம் சூடேறும். இருவாய் அடுப்பு ஒரே துண்டாக வனைந்து சுட்டது. முன்வாயின் கீழ் விறகு எரிய, சுவாலை முதற் பானையைச் சூடாக்கிவிட்டு, ஒடுங்கிய வழியாகப் பின்வாய்க்குப் போய் இரண்டாவது பானையின் அடியையும் தழுவுகிறது. எங்கள் வீட்டில் முன்வாயில் சோறு. பின்வாயில் தண்ணீர்ச் சருவம். சோறு வடிக்கும் நேரத்தில் பின்னால் உள்ள நீர் கொதிக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஆனால் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டிருந்தது; சோற்றுப்பானையை இறக்கிச் சருவத்தை முன்னுக்கு மாற்றினால் மேலும் இரண்டு கொள்ளியிலேயே அது கொதித்துவிடும். பின்வாயை வெறுமையாக விடக்கூடாது. வெப்பமும் புகையும் அதன் வழியே வீணாகப் போகின்றன.

நான் வாங்கிய முதல் அடுப்பு மூன்று வாரத்தில் முன்வாயோரம் வெடித்தது. விற்ற கடையின் பெயர் இங்கு வேண்டாம். சரியாக வேகாத மண் அது. இரண்டாவதை வனைந்தவரிடமே நேரில் சென்று வாங்கினேன். "தட்டிப் பாருங்கோ அம்மா, சத்தத்திலேயே தெரியும்" என்று அவர் தம் விரல் மொளியால் தட்டிக் காட்டினார். வெந்தது கணீரென்றது, பக்கத்தில் கிடந்த வேகாத ஒன்று பலகையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலித்தது. அடுப்பை வாங்கி அப்படியே நிலத்தில் வைத்து எரிப்பதும் தவறு. புற்றுமண்ணும் சாணமும் அரிசி ஆலையில் அள்ளிவந்த உமியும் குழைத்துச் சுற்றிவர நான்கு விரல் தடிப்புக்கு அணைகட்டி, ஒரு கிழமை காயவிட்டேன். அந்த அணைதான் அடுப்புக்கு ஆயுளைத் தருகிறது, சூட்டையும் பிடித்துவைக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து தீ அணைந்த பின்னரும், அம்மா பலகையை இழுத்துப் போட்டு அந்த மண்சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருப்பார்.

விறகு மிச்சம் உண்மையே. முன்னைய மாரியில் உழவு இயந்திரப் பெட்டி ஒன்றில் வந்த பாலை விறகு தைப்பொங்கலுக்கு முன்பே முடிந்துபோனது. இம்முறை சுடுநீர்த் தேவை இரட்டித்திருந்தும் அதேயளவு விறகு மாசிவரை வந்தது. ஆனால் காய்ந்த விறகுக்கே இது பொருந்தும். மார்கழியில் சைக்கிளில் கட்டிவந்த நனைந்த விறகை ஒருமுறை வாங்கினேன்; நுனிகளில் நுரைதள்ளிச் சீறியதே தவிர எரியவில்லை. ஒரு கிலோ நீர் ஆவியாகிப் போக எடுக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ 7 லீற்றர் கிணற்று நீரைக் கொதிக்கவைத்துவிடலாம். ஈரவிறகுக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகப் போகிறது. ஆவணியிலேயே விறகை இறக்கிப் பிளந்து, தகரத்தின் கீழ் நிலம் படாமல் அடுக்காதவர்களுக்கு எந்த அடுப்பும் மிச்சம் தராது. பற்றவைக்கப் பன்னாடையும் பொச்சுமட்டையும் போதும்.

பெரிய குறை புகை. மூன்று கல்லைவிடக் குறைவு என்றாலும், இந்த அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. மழைக்கு யன்னலைச் சாத்தினால் கண் எரிகிறது. பிள்ளை இருந்த அறைக்குத் தணல் சட்டியைக் கொண்டுபோகும் எண்ணம் எங்கள் வீட்டிலும் எழுந்தது. நான் மறித்துவிட்டேன். மூடிய அறையில் தணலிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, அது உயிரையே எடுத்துவிடும். பிள்ளைக்குத் துணியும் தாயின் சூடுமே போதுமாயிருந்தன.

அடுப்புக்கு 1,200 ரூபாயும், வெடித்துப்போன முதல் அடுப்புக்கு ஏறக்குறைய அதேயளவும் எனக்குச் செலவு. வாயுவை முற்றாக விடவில்லை. விடியற்காலைத் தேநீருக்கும் பிள்ளையின் போத்தலை அவிப்பதற்கும் அதுவே வசதி. வரும் ஐப்பசிக்கு முன்பு அடுப்புக்கு மேலே கூரையை உயர்த்திப் புகைக்கூடு வைப்பதற்கு மேசன் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார்.