கடைசி ஆண்டு மஸ்டாங் ஜி.டி.: மலைவீதிக்குப் பழைய மொடலே பொருத்தம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது முதல், இங்கிலாந்திலிருந்து வரும் பாவித்த கார்களைப் பற்றிய பேச்சில் 2023 ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்டாங் ஜி.டி.யின் பெயரும் அடிபடுகிறது. எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட இந்த அமெரிக்க விளையாட்டுக் கார், ஆறாம் தலைமுறை மஸ்டாங்கின் இறுதி ஆண்டுத் தயாரிப்பு. ஏழாம் தலைமுறை 2022 செப்டெம்பரிலேயே டெட்ரோயிட்டில் அறிமுகமாகிவிட்டதால், இவ்வளவு பணம் கொடுத்துப் பழைய மொடலை வாங்குவதா என்று தயங்குவோர் உண்டு. கண்டியில் இரும்புக்கடை நடத்தும் அண்ணன் ஒருவர் தமது காரைக் கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியா வரை ஓட்டிப் பார்க்கத் தந்தார். அதன் பின்னர் என் கருத்து இதுதான்: நம் மலைவீதிகளுக்கு அந்தப் பழைய மொடலே பொருத்தமானது.

ஒரு தலைமுறையின் முதல் ஆண்டுக் காரையும் கடைசி ஆண்டுக் காரையும் ஒரே காராக எண்ணிவிடக் கூடாது. 2015 ஆம் ஆண்டு மொடலாக வந்த இந்தத் தலைமுறையில்தான் மஸ்டாங் முதன்முறையாகத் தொழிற்சாலையிலேயே வலப்பக்கச் சுக்கானுடன் தயாரிக்கப்பட்டது. பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் இயங்கும் தொங்கமைப்பும் அப்போதுதான் எல்லா வகைகளுக்கும் பொதுவானது. ஆனால் 2017 இன் தொடக்கத்தில் யூரோ என்காப் பாதுகாப்புச் சோதனையில் இக்காருக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரங்களே கிடைத்தன. திருத்தங்களுக்குப் பின் அது மூன்றானது. 2018 மொடலில் எஞ்சின் 5,038 கன சென்ரிமீற்றராகப் பெருத்து, சிலிண்டருக்குள் எரிகலவை எவ்வளவு நெருக்கப்படுகிறது என்பதைக் காட்டும் அமுக்க விகிதம் 12:1 ஆக உயர்ந்தது. பத்து கியர் தானியங்கிப் பெட்டியும் அதே மொடலுடன் சேர்ந்தது. 2023 மொடலை வாங்குபவருக்குக் கிடைப்பது இத்தனை திருத்தங்களும் முடிந்த கார்.

ஏற்றத்தில் இது எப்படி ஓடுகிறது என்பதே முக்கியமான கேள்வி. ஐரோப்பியச் சந்தைக்கான ஜி.டி.யின் உச்ச வலு 450 குதிரைவலு. அது கடல்மட்டத்துக் கணக்கு. காற்றை நெருக்கி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் என்பதால் காற்று மெலிய மெலிய வலுவும் குறையும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இழப்பு இருக்கும், அதாவது அங்கே உங்கள் காலடியில் இருப்பது 375 அளவிலான குதிரைவலுவே. 2.3 லீற்றர் டர்போ எஞ்சின் கொண்ட மஸ்டாங்குக்கு இந்த இழப்பு பெரும்பாலும் இல்லை. ஏட்டுக் கணக்கில் டர்போதான் மலைக்காரருக்கு ஏற்றது என்று சொல்லத் தோன்றும். ஆனால் ரம்பொடைக்கு மேல் தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் வளைவுகளில், இரண்டாம் கியரிலிருந்து மாற்றாமலேயே, மெதுவாக ஏறும் லொறிக்குப் பின்னால் தவழ்ந்துவிட்டு வீதி தெளிந்ததும் அக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தினால், தாமதமின்றி அளந்து கொடுத்தாற்போல் இழுக்கும் இந்த எட்டு சிலிண்டர் எஞ்சினின் பணிவு டர்போவில் கிடைப்பதில்லை. குறைந்து போன வலு அந்த வீதியில் ஒருபோதும் தேவைப்படவும் இல்லை.

இறக்கம் இதைவிடத் திருப்தி அளித்தது. இரண்டாம் கியரில் விட்டால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்கிறது. முன்சக்கரங்களில் பிரெம்போ நிறுவனத்தின் 380 மில்லிமீற்றர் பிரேக் தட்டுகள் இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவுக்கு முன் கடைசி நேரத்தில் மட்டும் அவற்றைத் தொட்டால் போதும். ஏறக்குறைய 1,750 கிலோ எடையுள்ள கார் இது என்பதை வளைவின் நடுவில்தான் உணர முடிகிறது.

உள்ளே, வெப்பநிலைக்கும் காற்றுவிசைக்கும் தொட்டுணரக்கூடிய பொத்தான்கள் உள்ளன. லபுக்கலையைத் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கி முன்கண்ணாடியில் ஆவி படிந்தபோது, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே விரலால் தேடி அதைச் சரிசெய்ய முடிந்தது. புதிய தலைமுறையில் இந்த வேலைகள் தொடுதிரைக்குள் போய்விட்டன. பகலில், நேரான வீதியில், அது நாகரிகமாக இருக்கலாம். மூட்டத்தில் அது தொல்லை.

குறைகளும் உண்டு. ஜப்பானியக் கார்களுக்குப் பழகியவர் திரும்புவதற்குச் சமிக்ஞை போடுகையில் மழையில்லாத வேளையில் துடைப்பான் ஓடும். இதில் சமிக்ஞைக் கம்பு இடப்பக்கம். பின்னிருக்கை பாடசாலைப் பைகளுக்கே போதுமானது, வளர்ந்தவர்கள் அமர முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை அகலம்: கண்ணாடிகளைச் சேர்க்காமலேயே 1.9 மீற்றருக்கு மேல். சாவியைக் கையில் தரும்போதே அண்ணன் எச்சரித்தார்: “தம்பி, வளைவுல பஸ் வந்தா நீங்கதான் ஒதுங்கணும், அவன் ஒதுங்க மாட்டான்.” அவர் சொன்னபடியே நடந்தது, நீண்ட முகப்பின் இடது மூலை எங்கே முடிகிறது என்று தெரியாமல் வடிகானின் விளிம்பை ஊகித்தே ஒதுங்க வேண்டியிருந்தது. தோட்டத்துச் சிறு வீதிகளுக்குள் இதைக் கொண்டு போக நினைக்கவே வேண்டாம்.

ஓசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகைக்குழாயின் ஒலியைத் தணிக்கும் அமைதி முறை இதில் உண்டு, அதை நேரம் குறித்தும் வைக்கலாம். லயத்து வீடுகளை ஒட்டி விடியற்காலையில் புறப்படுபவர் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். ஏப்ரலில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டியைப் பார்க்க வருகிறவர்கள் வேண்டுமானால் முழு ஓசையையும் கேட்டு மகிழட்டும்.

வாங்குவதாயின் கையால் மாற்றும் ஆறு கியர் வகையைத் தேடுங்கள். பத்து கியர் தானியங்கி கண்டி நகர நெரிசலுக்குச் சுகம், வளைவுகளில் ஓயாமல் கியர் மாற்றிச் சலிப்பூட்டும். எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தே நம் நாட்டு வரி அமைவதால், டர்போ வகையைவிட ஜி.டி.க்கு வரியும் மிக அதிகம் என்பதை முதலிலேயே கணக்கில் எடுங்கள். 95 ஒக்ரேன் பெற்றோலை ஏறுவதற்கு முன்பே கண்டியிலோ கம்பளையிலோ நிரப்பிக்கொள்வது நல்லது. தாங்கி 61 லீற்றர் கொள்ளும். டயர்கள் முன்னே 255/40, பின்னே 275/40, இரண்டும் 19 அங்குலம். அளவு வேறுபடுவதால் முன்பின் மாற்றிப் போட முடியாது, நான் விசாரித்த கண்டிக் கடைகளில் எதிலும் இருப்பில் இல்லை, கொழும்பிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். ஆகவே விலை பேசும்போதே பின்டயர்களின் தேய்மானத்தைக் குனிந்து பாருங்கள். ஜோடி தேய்ந்திருந்தால் அந்தத் தொகையை விலையில் குறைத்துத் தரும்படி கேளுங்கள்.