எல்கேஜி சீட்டுக்கு அப்பா கட்டைவிரல் எதுக்கு?

இந்த லீவில் என்ன செய்தாய் என்று சிங்கப்பூரில் எங்கள் துவாஸ் ரூமில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டுவிட்டார்கள். மகளை எல்கேஜி சேர்த்தேன் என்றால் சிரிக்கிறார்கள். "அது ஒரு காலை வேலைதானே, மிச்ச நாளெல்லாம் எங்கடா போன?" என்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை. எழுதிவிடுகிறேன்.

குடும்பத்தைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்ள மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் காட்ட வேண்டும். ஷிப்யார்டில் கிரைண்டர் பிடிக்கிற எனக்கு அது எட்டாது. அதனால் மனைவியும் மகளும் ஊரில், என் அம்மாவோடு. வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு கிராமம். டவுன் பஸ்ஸில் அரை மணி போனால் நகராட்சி. அங்கிருந்து மஞ்சள் வேன் எங்கள் தெருவுக்கே வருகிறது. வேனில் ஏறுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து என் மனைவி அந்தப் பள்ளிக்கூடத்தை முடிவு செய்துவிட்டாள். அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அட்மிஷன் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கத்திரி வெயில் என்றும் பாராமல் லீவைப் போட்டேன். திருச்சியில் இறங்கியது, லக்கேஜ், கார் எல்லாம் நல்லபடி. அதை விடுங்கள்.

நம்ம காலத்துக் கதை உங்களுக்கே தெரியும். விஜயதசமிக்குக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் நெல்லில் 'அ' எழுத வைப்பார்கள். ஜூனில் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம். தலைக்கு மேலே கையைப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொட்டால் ஒண்ணாம் வகுப்பு, எட்டாவிட்டால் அடுத்த வருஷம். பிறந்த தேதி ஹெட்மாஸ்டர் போடுவதுதான். எனக்கு அவர் போட்டுக் கொடுத்த தேதிதான் இன்றைக்கும் பாஸ்போர்ட்டிலும் பெர்மிட்டிலும் இருக்கிறது. எந்த நாட்டுக்காரனும் ஆட்சேபணை சொன்னதில்லை. மகளுக்கும் போன விஜயதசமிக்குக் கூத்தனூரில் எழுத்து ஆரம்பித்தாயிற்று. நான் வீடியோ காலில்தான் பார்த்தேன்.

பள்ளிக்கூட கவுண்டரில் ஒரு மேடம். பிறப்புச் சான்றிதழ் சரி, சாதிச் சான்றிதழ் சரி, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் சரி, தடுப்பூசி அட்டை சரி. கடைசியில், "பாப்பா ஆதார்?"

இன்னும் எடுக்கலை என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"ஆதார் இல்லாம எமிஸ்ல ஏத்த முடியாது சார்." எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறை பிள்ளைகளின் விவரத்தை ஏற்றுகிற கம்ப்யூட்டர் பதிவு.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோதே பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று சொல்லியாயிற்று. ரூமில் ஒரு தம்பி எடுத்து அனுப்பியிருந்தான், போனில் காட்டினேன். பார்க்கவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேரப் பிறப்புச் சான்றிதழே போதும் என்று வைத்திருக்கிறார்கள். என் மகள் சில மாதம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டாள். அதற்கு அவளை என்ன சொல்வது?

"சரிங்க மேடம், ஆதார் இல்லாததால சேக்க முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

சிரித்தார். "அப்படியெல்லாம் எழுதித் தர மாட்டோம் சார். நாங்க முடியாதுன்னு சொல்லவே இல்லையே. எடுத்துட்டு வாங்கன்னுதான் சொல்றோம். வெள்ளிக்கிழமை வரைக்கும் சீட்டை நிறுத்தி வைக்கிறேன்."

எனக்கு ஆத்திரம் மூட்டியது இதுதான். சிங்கப்பூர் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. இடம் குறைவாக இருந்தால் அங்கேயும் பிரைமரி ஒன்றுக்கு, அதாவது ஒண்ணாம் வகுப்புக்கு, குலுக்கல் உண்டு. பிஆர் (நிரந்தரவாசம்) வாங்கிய என் சூப்பர்வைசர் வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரு கிலோமீட்டருக்குள் வருமா என்று மேப்பில் அளந்துகொண்டு தூங்காமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று எழுத்தில் வரும், அடுத்த சுற்று எப்போது என்றும் வரும். இங்கே 'முடியாது' என்பதைக் காகிதத்தில் வாங்கவே முடியாது. வாய் வார்த்தைக்கு எங்கே போய் அப்பீல் பண்ணுவது?

மறுநாள் காலையில் ஆதார் மையம். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைக்கு ரேகை கிடையாது, போட்டோ மட்டும்தான். அம்மாவோ அப்பாவோ தன் ரேகையை வைத்து 'இது என் பிள்ளை' என்று உறுதி செய்ய வேண்டும். மனைவியின் ஆதார் இன்னும் அவள் பிறந்த வீட்டு முகவரியிலேயே இருக்கிறது. அவள் வைத்தால் மகளுக்கும் அந்த முகவரிதான் விழும், வேன் ரூட்டுக்கு ஒத்துவராது. ஆகவே நான்.

சின்னக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிவப்பு வெளிச்சம். வலது கட்டைவிரலை வைத்தேன். ஏறவில்லை. அழுத்தி வைத்தேன். ஏறவில்லை.

"அண்ணே, விரலைத் தலையில தேச்சுட்டு வைங்க" என்றார் ஆபரேட்டர் தம்பி.

ரேஷன் கடையில் கிழவிகள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கே அந்த நிலைமை. தேய்த்தேன். இல்லை. குழாயில் கழுவி வரச் சொன்னார். வேட்டியில் துடைக்கச் சொன்னார். பக்கத்து மேஜை ஈர ஸ்பாஞ்சில் ஒற்றச் சொன்னார். ஆள்காட்டி, நடுவிரல், இடது கை என்று பத்து விரலும் போய் வந்தது. ஒவ்வொன்றுக்கும் திரையில் சிவப்பு எழுத்து. நடுவில் கரண்டு போய், வந்து, மறுபடி முதலிலிருந்து. என் விரலைத் திருப்பிப் பார்த்தேன். கிரைண்டிங் வீலும் தின்னரும் சேர்ந்து நுனியைப் பழைய எட்டணா காசு மாதிரி வழவழவென்று ஆக்கியிருந்தன.

வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் சும்மா இருப்பாரா? "ரேகையையும் சிங்கப்பூர்லயே வித்துட்டு வந்துட்டியா தம்பி?" என்றார். மொத்த வரிசையும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. மகள் அதற்குள் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டுத் தரையில் படுத்திருந்தாள்.

"முதல்ல உங்க ரேகையை அப்டேட் பண்ணிருங்கண்ணே. அது ஏறுனப்பறம் பாப்பாவுக்குப் போடலாம்."

எத்தனை நாள் ஆகும் என்றேன். சொல்ல முடியாதாம். வெள்ளிக்கிழமைக் கெடு, அதற்குப் பிறகு என் ரிட்டர்ன் டிக்கெட். சாங்கி ஏர்போர்ட்டில் இப்போதெல்லாம் என் விரலை யாரும் தொடுவதில்லை. முகத்தையும் கண்ணையும் பார்த்துவிட்டுக் கதவு திறக்கிறது. அந்நிய நாட்டுக் கதவுக்கு என்னைத் தெரிகிறது, பிறந்த ஊர் மேஜையில் நான் என் மகளுக்கு அப்பா என்று நிரூபிக்க வழியில்லை. இதை அந்தத் தம்பியிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பாவம், அவரும் கான்ட்ராக்ட் ஆள்தான்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குக் கொண்டாட்டம். "நீ படிச்ச பள்ளிக்கூடத்துல சேக்க வேண்டியதுதான? கெட்டா போயிட்ட?" அம்மாவுக்குச் சமாதானமாக ஒன்றியப் பள்ளிக்கும் போய்க் கேட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பக்கத்தில் காலை உணவுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அந்தத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்ததே நம்ம பக்கத்துத் திருக்குவளையில்தான். ஆதார் இல்லை என்றேன், தயங்கித் தயங்கித்தான். "அதனால என்ன தம்பி, சேத்துட்டு நாங்களே அப்பறம் எடுக்க வச்சுருவோம். ஆனா எல்கேஜி இங்க கெடையாது. ரெண்டு வருஷம் கழிச்சு ஒண்ணாப்புக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் அரசு எல்கேஜி தொடங்கியபோது நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த மையங்களுக்குத்தான் கொடுத்தார்கள். எங்களூரில் இருப்பது தொடக்கப் பள்ளி. அங்கேயும் அதே எமிஸ்தான் என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

அஞ்சலகத்திலும் ஆதார் போடுகிறார்கள் என்று சொன்னது டீக்கடைக்காரர். நம்பிக்கையே இல்லாமல் போனேன். கவுண்டரில் ஒரு பெண், என் தங்கை வயசிருக்கும். என் கட்டைவிரல் தோற்ற மறுகணம் மேஜை ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, பைனாகுலர் போல ஒரு கறுப்புக் கருவியை எடுத்தார்.

"கண்ணைக் காட்டுங்கண்ணே. இமைக்காதீங்க."

அவ்வளவுதான். கருவிழி ஏறிவிட்டது. மகளை ஸ்டூலில் ஏற்றி, வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒரு போட்டோ. ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்தபோது டீ சொல்லிவிட்டு வந்திருந்தால் ஆறியிருக்காது. காசு எவ்வளவு என்றேன். புதுப் பதிவுக்குக் காசே இல்லை என்றார். அதே கறுப்புக் கருவி, அதே பிளாஸ்டிக் உறை, முதல் மையத்து மேஜையிலும் இருந்தது. நான் பார்த்தேன். டம்ளர் வைக்கிற இடமாக ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை சீட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். கவுண்டர் மேடம் நம்பரைப் படிக்கக்கூட இல்லை. பின் அடித்து ஃபைலில் போட்டார். அடுத்து, 'முன்பு படித்த பள்ளி' என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாதாம். மூன்று வயதுப் பிள்ளை முன்பு எங்கே படித்திருக்கும்? 'இல்லை' என்று பெரிய எழுத்தில் எழுதினேன்.

கையெழுத்துப் போடுமுன் வகுப்பறையைப் பார்க்கணும் என்றேன். எதற்கு என்பது போலப் பார்த்தார். டெல்டாக்காரனுக்கு எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடத் தீ, 94 பிள்ளைகள். அன்றைக்குக் கூரையும் குறுகலான மாடிப்படியும் என்ன செய்தன என்பதைப் பேப்பரில் பார்த்த வயசு எனக்கு. எங்களிடம் இத்தனை காகிதம் கேட்ட இடத்தில், தீயணைப்புத் துறைச் சான்றிதழ் எங்கே மாட்டியிருக்கிறது என்று நான் ஒருவன்தான் அன்று கேட்டேன். மாட்டியிருந்தார்கள். படியும் இரண்டு பக்கம் இருந்தது, அகலமாக. அதன் பிறகுதான் கையெழுத்து. பீஸ் இரண்டு ரசீதாக வந்தது. ஒன்றில்தான் பள்ளிக்கூடத்துப் பெயர் இருந்தது. அதைப் பற்றி இன்னொரு நாள்.

அடுத்த வருஷம் பிள்ளையைச் சேர்க்க லீவு போடப்போகிறவர்கள், குறிப்பாக சைட்டிலும் ஷிப்யார்டிலும் கை தேய்ந்தவர்கள், நேரே அஞ்சலகத்துக்குப் போய் "ஐரிஸ் வைங்க", அதாவது கருவிழியைப் பாருங்கள், என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். மகளுக்கு ஐந்து வயது முடிந்ததும் அவளுடைய ரேகையையும் கருவிழியையும் பதிய வேண்டும். அதற்கு அவள் அம்மா கூட்டிக்கொண்டு போகட்டும். அதற்குள் அந்தப் பிறந்த வீட்டு முகவரியை மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஆகட்டும் ஆகட்டும் என்கிறாள்.