செம்புத் தகடும் செட்டிநாட்டு வெயிலும்: ஏழு ஆண்டு அனுபவம்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டை வாடகைக்குப் பிடித்து, கண்மாய்க்கரையையும் பனை வரிசையையும் செம்மண் பொட்டலையும் வண்ண எட்சிங் அச்சுகளாகப் போடத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மெழுகு பூசிய உலோகத் தகட்டில் கோடு கீறி, அந்தக் கோட்டைக் கரைசலால் அரித்து, பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டுத் தாளில் அழுத்தி எடுப்பதுதான் எட்சிங். இத்தனை காலமும் கையாண்ட தகடு, கரைசல், மை, தாள் ஆகியவை இந்த ஊர் வெயிலில் எப்படி நடந்துகொண்டன என்பதை, இனித் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் விலை குறைவு என்பதற்காகத் துத்தநாகத் தகட்டில் வேலை செய்தேன். வண்ண அச்சுக்கு அது ஒத்துவரவில்லை. மையைத் துடைக்கத் துடைக்கத் துத்தநாகம் வெளிர் நிறங்களைக் கெடுத்துவிடுவதால், கதிர் முற்றிய வயலுக்கென்று குழைத்த மஞ்சள், தாளில் பாசிப் பச்சையாக இறங்கியது. செம்புக்கு மாறிய பிறகுதான் மஞ்சள் மஞ்சளாக நின்றது. செலவு பல மடங்கு கூடியது உண்மை. ஆனால் பனையோலையின் மெல்லிய கோடுகள் பல படிகள் எடுத்த பின்னும் தேயவில்லை.

செம்பை அரிக்க ஃபெரிக் குளோரைடு பயன்படுத்துகிறேன். மின்சுற்றுப் பலகை செய்பவர்கள் வாங்கும் அதே சரக்குதான். நைட்ரிக் அமிலத்தைப் போல மூச்சை அடைக்கும் புகை இதில் இல்லை. அரிப்பில் உண்டாகும் வண்டல் கோட்டுக்குள்ளேயே தங்கி வேலையைத் தடுக்கும் என்பதால், தகட்டைக் கரைசலில் குப்புறக் கவிழ்த்து வைக்க வேண்டும். மார்கழியில் 40 நிமிடம் கேட்கும் கோடு, சித்திரையில் 25 நிமிடத்திலேயே போதுமான ஆழத்தை எட்டிவிடுகிறது. கடிகாரத்தை நம்பி ஒரு முழுத் தகட்டைக் கெடுத்த பிறகே இது எனக்கு உறைத்தது. ஒருமுறை கரைசல் சிந்தி, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் (சிமென்ட் ஓடு) ஒன்றின் பூ வேலையில் கால் பங்கைத் தின்றுவிட்டது. சிமென்ட் தரையில் இதை வைத்து வேலை செய்பவர்கள் கீழே பெரிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது மென்மெழுகு முறை. கொழுப்புச் சேர்த்த மெழுகைத் தகட்டில் மெல்லப் பூசி, அதன்மேல் எதை வைத்து அழுத்தினாலும் அதன் தடம் பதிந்துவிடும்; மெழுகு விலகிய இடத்தைக் கரைசல் அரிக்கும். வீட்டுக்கார ஆச்சி கொடுத்த பழைய கொட்டானை (ஓலைக் கூடையை)ப் பிரித்து அழுத்தினேன். ஓலைப் பின்னலின் ஒவ்வொரு மடிப்பும், நடுவில் கிழிந்திருந்த ஒரு கீற்றும்கூட, உழுத நிலத்தின் சால்களைப் போல விழுந்திருந்தன. கோடையில் மெழுகு தானாகவே இளகி நிற்பதால் கொழுப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். அந்த அச்சைப் பார்த்த ஆச்சி, “கோயில் கண்மாய்க்கு மேக்காலல்ல இருக்கு தம்பி, நீ கெழக்கால வச்சிருக்கியே” என்றார். அச்சில் இடம் வலமாகும் என்பதை மறந்து வரைந்திருந்தேன்.

தீராத தொல்லை தாள்தான். மூன்று தகடுகளில் மூன்று நிறம் என்றால், நனைத்த பருத்தித் தாள் மூன்று முறையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் இரண்டாம் தகட்டுக்கு மை தடவி முடிப்பதற்குள் தாள் உலர்ந்து சுருங்கிவிடுகிறது. பனையின் கொண்டை தண்டை விட்டு விலகி நிற்கிறது. தாளின் ஒரு முனையை அச்சு எந்திரத்தின் உருளைக்கடியில் பிடித்து வைத்துக்கொண்டே தகட்டை மாற்றுவது ஓரளவு உதவுகிறது. மையின் இளக்கத்தை வேறுபடுத்தி ஒரே தகட்டில் பல நிறம் எடுப்பது, பாரிஸில் இந்திய அச்சுக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டி முதலானோர் வளர்த்த முறை. அதையும் முயன்றேன், இங்குள்ள வெயிலில் எல்லா மையும் ஒன்றுபோல இளகி, நிறங்கள் கலங்கின. ஆகவே கோடையில் தகடு மட்டும் அரிக்கிறேன். அச்சு எடுப்பது ஐப்பசி மழைக்குப் பின்புதான்.

பயன்படுத்தித் தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அதிலுள்ள செம்பு நீர்நிலைகளுக்குக் கேடு, எங்கள் தெருச் சரிவில் ஊருணி இருக்கிறது. சலவைச் சோடா கலந்து முறித்து, படியும் வண்டலைத் தனியே அடைத்து வைக்கிறேன். அப்படிச் சேர்ந்தவை பின்கட்டில் மூன்று டப்பாக்களாக நிற்கின்றன. அவற்றை முறையாகப் பெற்றுக்கொள்ளும் இடம் அருகில் எதுவும் எனக்கு இன்னும் அகப்படவில்லை.