கோழிக்கு நிப்பிள் ட்ரிங்கர்: தட்டு கழுவுற வேலை போச்சு, பாக்குற வேலை வந்துச்சு

கோழி வளர்க்குறவங்களுக்கு தெரியும், முட்டை பொறுக்குறதெல்லாம் ஒரு வேலையே இல்ல, தண்ணி தட்டு கழுவுறது தான் வேலை. காலைல பளிச்னு கழுவி வெச்சுட்டு இந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள ஒண்ணு மேல ஏறி நிக்கும், இன்னொண்ணு கிளறி கிளறி குப்பைய உள்ள தள்ளும், எச்சம் மண்ணு எல்லாம் சேந்து மத்தியானம் பாத்தா சேறு தான். அந்த கடுப்புல வாங்குனது தான் இந்த வாளிக்கு அடியில மாட்டுற நிப்பிள் செட்.

மாட்டுறது ஈஸி. வாளி அடியில ட்ரில் போட்டு, வாஷர் வெச்சு, கையால திருகுனா போதும். ஸ்பானர் போட்டு முறுக்காதீங்க, பிளாஸ்டிக் மரை வழுக்கிடும். உள்ள ஒரு சின்ன ஸ்டீல் ஊசி இருக்கு, அலகால தட்டுனா தண்ணி சொட்டும், விட்டா மூடிக்கும், அவ்ளோ தான் மெக்கானிசம். கூட வந்த பேப்பர்ல ஒரு விஷயம் எழுதவே இல்ல: வாளி மூடிய காத்து போகாம இறுக்கி மூடுனா கொஞ்ச நேரத்துல தண்ணி வர்றது நின்னுடும். மூடில ஒரு சின்ன ஓட்டை போட்டுடுங்க.

பழக்குறதுக்கு பொறுமை வேணும். இளசுங்க அந்த ஊசி மின்னுறத பாத்து சும்மா குத்திப் பாத்து தானா கத்துக்கிச்சு. வயசான பெட்டைங்க இருக்கே, பழைய தட்டு இருந்த எடத்துலயே போய் நின்னு என்னைய மொறைக்கும். எல்லாம் குடிக்குதுன்னு கண்ணால பாக்குற வரைக்கும் தட்ட எடுக்காதீங்க. உயரமும் முக்கியம், கோழி கழுத்த நீட்டி அண்ணாந்து குத்துற மாதிரி தொங்கணும், தாழ இருந்தா பக்கவாட்டுல இடிச்சு கீழ பூரா ஒழுகும்.

பெரிய லாபம் என்னன்னா தரை காய்ஞ்சு கெடக்கு. கூட்டுக்குள்ள நுழைஞ்சதும் கண்ண எரிக்குற அந்த அம்மோனியா நெடி நல்லாவே கொறைஞ்சிருச்சு, ரத்தக்கழிச்சல் கிருமியும் ஈரத்துல தான் வீரியம் ஆகும்ங்கறதால அதுலயும் கொஞ்சம் நிம்மதி.

ஆனா தட்டு காலின்னா தூரத்துலேந்தே தெரியும், இதுல ஒரு துளி மணல் போய் அடைச்சா வெளிய ஒண்ணுமே தெரியாது, வாளி நெறைய தண்ணி இருக்கும், கீழ கோழி தாகத்துல நிக்கும். ஒரு கோழி நாளைக்கு கால் லிட்டர் கிட்ட குடிக்கும், வெயில்ல அதுக்கும் மேல, ஒரு நாள் தண்ணி கெடைக்கலன்னாலே முட்டை கொறைஞ்சிடும். அதனால தீவனம் போடும்போதே ஒவ்வொரு நிப்பிளையும் விரலால தட்டிப் பாத்துடுவேன். வெளிச்சம் புகாத டார்க் கலர் வாளின்னா பாசி பிடிக்காது, ஆனா உள்பக்கம் வழவழப்பு வரத்தான் செய்யும், வாரா வாரம் பிரஷ் போடணும்.

வாத்துக்கு இத வாங்காதீங்க, அதுக்கு மூக்கு ஓட்டை வரைக்கும் முக்கி கழுவ தண்ணி வேணும். கோழிக்கு மட்டும்னா அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ண கொறைச்சது வாஷருக்காக, ரப்பர் ரொம்ப மட்டம், சீக்கிரமே விறைச்சு கசிய ஆரம்பிச்சுது, வாங்கும்போதே தனியா நல்ல வாஷர் கொஞ்சம் சேத்து வாங்கிக்கோங்க.